நாலு அடியில் கணக்கு தீருமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனின் சைக்கிள் சீட்டை பிளேடால் கிழித்து, இரண்டு டயரையும் காம்பஸால் குத்திவிட்டான் அவனுடன் படிக்கும் ஒரு பையன். தலைமை ஆசிரியரிடம் போய், 'நாலு சாத்து சாத்தி டிசியைக் கொடுத்து அனுப்புங்கள்' என்றேன். 'இப்போதெல்லாம் அடிப்பதில்லை சார், உட்காரவைத்துப் பேசுகிறோம்' என்றார். பத்து நிமிடம் பேசினார்கள், சாரி சொல்லிக் கைகுலுக்க வைத்தார்கள், முடிந்தது. என் வீட்டில் நான் பெல்ட்டைக் கையில் எடுத்தாலே பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். கேட்கிற பரிகாரம்தான் இடிக்கிறது.

நீங்கள் சொன்னபடியே தலைமை ஆசிரியர் பிரம்பை எடுத்தார், நாலு போட்டார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகனுக்கு அதனால் என்ன கிடைத்திருக்கும்? சைக்கிள் அப்படியே காற்றிறங்கி நிற்கும். டியூபுக்கும் சீட் கவருக்கும் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். அடி வாங்கியவனோ இடைவேளையில் சிவந்த கையைக் காட்டி, 'கையை இழுக்கவே இல்லடா' என்று அளந்துகொண்டிருப்பான். அவனைப் பொறுத்தவரை பாக்கி தீர்ந்தது. யாருக்குக் கெடுதல் செய்தானோ அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. என்னைக் கேட்டால் தண்டனைகளிலேயே சுலபமானது பிரம்படிதான், வாங்குகிறவனுக்கும் சரி, கொடுக்கிறவருக்கும் சரி.

டிசி விஷயமும் நடக்காது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. 17-வது பிரிவு அடிப்பதையும், மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை பாயும். ஆக, அவர் அடிக்காதது பெருந்தன்மையும் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை.

உட்காரவைத்துப் பேசுவது என்றால் கொஞ்சிக் குலாவி அனுப்புவது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்தப் பள்ளியும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறது போலிருக்கிறது. தப்பு செய்தவனையும் பாதிக்கப்பட்டவனையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசும் வழக்கம் பிறந்த கதையைச் சொல்கிறேன், அதுவும் டயர் கிழித்த கதைதான். 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இளைஞர்கள் இரண்டு பேர் குடித்துவிட்டு, ஒரே இரவில் 22 இடங்களில் டயர்களைக் கிழித்து, ஜன்னல்களை உடைத்து ஊரையே அலங்கோலம் செய்தார்கள். பிடிபட்டார்கள். நன்னடத்தை அதிகாரி மார்க் யான்ட்சி, 'இவர்களை நேரே அந்த வீடுகளுக்கே அனுப்பினால் என்ன?' என்று யோசனை சொன்னார். தயங்கிய நீதிபதி கடைசியில் சம்மதித்தார். இரண்டு பேரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, 'உங்கள் வண்டியைக் கிழித்தது நாங்கள்தான்' என்று சொன்னார்கள். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, சில மாதங்களில் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பல வருடம் கழித்துத் தானே முன்வந்து தன் கதையைச் சொன்னார். பாதிக்கப்பட்டவர்களை நேருக்கு நேர் சந்தித்ததுதான் தன் வாழ்க்கையில் செய்த மிகக் கஷ்டமான காரியங்களில் ஒன்று என்றார். இதில் கொஞ்சல் எங்கே இருக்கிறது?

அப்புறம் நியூசிலாந்து 1989-இல் இளம் குற்றவாளிகளுக்காகக் குடும்பத்தோடு கூடிப் பேசும் முறையைச் சட்டமாகவே கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1994-இல் இது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது.

ஒழுங்காகச் செய்தால் இதில் வேலை அதிகம். முதலில் இரண்டு பையன்களிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். செய்தவன் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவன் சம்மதித்தால்தான் நேரில் உட்காரவைக்கலாம், அவன் மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். உட்கார்ந்தபின் கேட்பது: என்ன நடந்தது, அப்போது உன் மனதில் என்ன ஓடியது, இதனால் யார் யாருக்கு என்ன ஆயிற்று, இதைச் சரிசெய்ய என்ன செய்யப் போகிறாய்? 'ஏன்டா செய்தாய்?' என்று ஆரம்பிப்பதில்லை. அதற்குப் பதினோரு வயதுப் பையன் 'சும்மா சார்' என்பதைத் தவிர வேறென்ன சொல்வான்? கடைசியில் எதை, எந்தத் தேதிக்குள் செய்வான் என்று எழுதிக்கொண்டு, அந்தத் தேதியில் யாராவது ஒருவர் விசாரிக்க வேண்டும். உங்கள் பள்ளியில் பத்து நிமிடத்தில் ஒரு சாரி வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். மிரட்டி வாங்கும் சாரிக்கும் முட்டி போடவைப்பதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இது சர்வரோக நிவாரணி என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளை வைத்து இந்த வழக்கத்தை ஆராய்ந்து 2018-இல் அறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளைகளைச் சஸ்பெண்ட் செய்வது குறைந்தது, பள்ளியின் சூழல் மேம்பட்டது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளின் மதிப்பெண் சரிந்தது. உங்கள் மகன் வயசுதான். ஐம்பது அறுபது பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்க்கும் ஆசிரியரிடம் நேரமும் கொடுக்காமல், பயிற்சியும் கொடுக்காமல், பிரம்பை மட்டும் பிடுங்கிவிட்டு 'பேசித் தீர்த்துவையுங்கள்' என்றால் கிடைப்பது நீங்கள் பார்த்த பத்து நிமிடம்தான்.

பெல்ட்டுக்கு வருகிறேன். எடுத்தாலே அடங்குகிறார்கள் என்கிறீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது, அல்லவா? அண்ணன் தங்கையின் ரெக்கார்டு நோட்டில் மையைக் கொட்டிவிட்டான் என்று வையுங்கள். பெல்ட்டை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் வீடு அமைதியாகிவிடும், நோட்டு பாழானது பாழானதுதான், தங்கை இரவெல்லாம் தனியாக உட்கார்ந்து படம் வரைவாள். அதற்குப் பதில், 'அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைச் செய்துவிட்டுத்தான் டிவி' என்று சொல்லிப் பாருங்கள். புது நோட்டை அவன் சேர்த்துவைத்த காசில் வாங்கி வந்து, கோடு போட்டு, தவளையின் இதயத்தைப் பென்சிலால் வரைந்து, அவள் 'இது கோணல்' என்றதும் அழித்து மறுபடி வரையட்டும். பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும், அதுதான் நமக்குக் கசக்கிறது. ஸ்வீடன் 1979-இலேயே பெற்றோரும் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டு, பால் பாக்கெட்டுகளில்கூட அச்சடித்து வீடு வீடாகச் சேர்த்தது. மாட்டுப் பழமொழியை மாட்டுக்காரர்களே இப்போது ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. மகன் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. அவனுக்குப் புது டியூப் போதுமா, 'என்னை ஏன் குறிவைத்தாய்' என்று தெரிய வேண்டுமா, இனி அந்தப் பையன் தன் சைக்கிள் பக்கமே வரக் கூடாதா? முதலில் அவனிடம் கேளுங்கள். அந்தப் பதிலோடு தலைமை ஆசிரியரிடம் மறுபடி போய், முறையாக ஒரு தடவை உட்காரவைக்கச் சொல்லுங்கள். அந்தப் பையனின் அப்பா அம்மாவும் வரட்டும், நீங்களும் போங்கள், ஆனால் பிள்ளைகள் பேசி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். செலவை அவன் வீட்டார் மொத்தமாக எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். சைக்கிள் கடைக்கு அந்தப் பையனே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகட்டும், தன் பாக்கெட் மணியிலிருந்து வாரம் கொஞ்சமாகக் கடனை அடைக்கட்டும்.