இளையர் முகாமும் தலைமைத்துவமும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அக்கா, எங்கள் கோயில் இளையர் குழுவில் 20 பேருக்கு ஒருநாள் முகாம் வைக்கிறோம். எதில் தொடங்கலாம்? கயிறிழுப்பு போதுமா? (தொண்டூழியர், ஈசூன்)

கயிறிழுப்பில் யாருக்குப் பலம் அதிகம் என்பது தெரியும், அவ்வளவுதான். 'ஹீலியம் குச்சி' என்ற விளையாட்டில் தொடங்குங்கள் தம்பி. லேசான கூடாரக் கம்பி ஒன்று போதும். எட்டுப் பத்துப் பேர் எதிரெதிராக இரண்டு வரிசையில் நின்று ஆள்காட்டி விரலை நீட்ட வேண்டும். கம்பியை விரல்கள்மேல் வையுங்கள். எவர் விரலும் கம்பியைவிட்டு விலகாமல் அதைத் தரையில் இறக்க வேண்டும்.

கம்பி இறங்காது, மேலே போகும்! விரல் விலகிவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் சற்றே மேல்நோக்கி அழுத்துவார்கள். அத்தனை அழுத்தமும் சேர்ந்தால் கம்பியின் எடையை மிஞ்சிவிடும். அரை நிமிடத்தில் "யார்டா தூக்குறது?" என்று சத்தம் வரும். அப்போது யார் யாரைக் குறை சொல்கிறார்கள், "கொஞ்சம் நில்லுங்க, மறுபடி ஆரம்பிப்போம்" என்று யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அதைச் சொன்ன பிள்ளை குழுத் தலைவராக இருக்க வேண்டியதில்லை. பல நேரம் ஓரத்தில் நிற்கும் பிள்ளையாகத்தான் இருக்கும்.

மகள் உயர்நிலை 3. பள்ளியிலிருந்து புலாவ் உபின் தீவுக்கு ஐந்து நாள் முகாம் போகிறாள். ரொம்பக் கூச்ச சுபாவம். அவளுக்கு இது ஒத்துவருமா? (தாயார், செங்காங்)

ஒத்துவரும் அம்மா, கவலைப்படாதீர்கள். அந்த முகாமை நடத்தும் அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர், 1967-இல் அன்றைய அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியில் உபினில் தொடங்கியது. மூல அமைப்பு அதற்கும் முந்தையது. போர்க்காலத்தில், 1941-இல், வேல்ஸின் அபர்டோவியில் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் தொடங்கினார். இளம் கடலோடிகளுக்கு உடல் வலுவோடு மன உறுதியும் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இப்போதைய உயர்நிலை 3 திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, வெவ்வேறு பள்ளி மாணவர்களை ஒரே குழுவில் கலப்பதுதான். "இவள் பேசமாட்டாள்" என்று முடிவுகட்டி வைத்திருக்கும் வகுப்புத் தோழிகள் எல்லாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். உங்கள் மகள் புதிதாகத் தொடங்கலாம். திரும்பி வந்ததும் "நீ லீடரா இருந்தியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதை முடிவு பண்றது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

எங்கள் தமிழ் மன்றத்தில் எப்போதும் அதே இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்களை எப்படிக் கொண்டுவருவது? (தொடக்கக் கல்லூரி மாணவர்)

பேசாதவரைப் "பேசு, பேசு" என்று நெருக்கினால் இன்னும் ஒடுங்கிப்போவார். பேசுகிறவரின் வாயைக் கொஞ்ச நேரம் கட்டுங்கள். கூடாரம் அடிக்கும்போது அவர் வேலை செய்யலாம், பேசக்கூடாது. மற்றவர்கள் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும். எப்போதும் அமைதியாக இருப்பவர் மட்டும் கண் திறந்து வழி சொல்லட்டும். அவர் சொல்லாமல் கூடாரம் நிற்காது, ஆகவே சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று, முழுநாளும் உபினில் வரைபடத்தோடு நடப்பது. சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலேயே முதல் சோதனை வந்துவிடும். உபினுக்குப் போகும் சிறு மோட்டார் படகான பம்போட்டில் 12 பேர்தான் ஏறலாம். நீங்கள் 20 பேர் என்றால் யார் முதலில் போவது, தண்ணீரும் முதலுதவிப் பையும் எந்தப் படகில் போவது என்று அவர்களே முடிவெடுக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைவரை மாற்றுங்கள். பாதை, வேகம், ஓய்வு எல்லாம் அவர் கையில். பொறுப்பை இறக்கி வைத்தவர் அடுத்த நிறுத்தம்வரை வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். இந்தக் கவனிப்பு பெரிய பாடம். தான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் யாரையெல்லாம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

மழை, இடி வந்தால் தொடரலாமா? பையன்கள் நிற்கமாட்டேன் என்கிறார்கள். (ஆசிரியர்)

கூடவே கூடாது சார். மற்ற எல்லாவற்றையும் இளையர்களிடம் கொடுக்கச் சொல்கிறேன், இதில் மட்டும் வாக்கெடுப்பு கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குள் இருந்தால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். வெயிலுக்கு மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பாருங்கள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அந்தக் குறியீடு 33 டிகிரியைத் தொட்டால் அது உயர்நிலை. ஓட்டத்தையும் நெடுநடையையும் நிறுத்திவிட்டு நிழலில் செய்யக்கூடியதைச் செய்யுங்கள்.

பட்ஜெட் இல்லையே அக்கா? (பல்கலைக்கழக மாணவி)

கயிறு, கண்கட்டும் துணி, கம்பி, வரைபடம். வேறென்ன வேண்டும்? சதர்ன் ரிட்ஜஸ், மேக்ரிட்சி, கிழக்குக் கடற்கரை எல்லாம் இலவசம். பூங்காவில் இரவு தங்குவதென்றால் மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

விளையாட்டு முடிந்ததும் "என்ன கற்றீர்கள்?" என்று கேட்டால் "டீம்வொர்க்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். (தொண்டூழியர், தெம்பனிஸ்)

கேள்வி அப்படி, பதிலும் அப்படி. என்ன நடந்தது, அதனால் என்ன, அடுத்த முறை என்ன செய்வோம் என்று வரிசையாகப் போங்கள். முதல் கேள்வியில் அவசரப்படாதீர்கள். "கம்பி மேலே போனபோது நீ என்ன சொன்னாய்? மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு உனக்கு எப்படி இருந்தது?" என்று ஆளைப் பார்த்துக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் முகாம்களில் நான் அதிகம் பார்ப்பது. புல்தரையில் வியர்வை காயுமுன் பேசிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றால் பாதி மறந்துபோகும்.

எங்கள் செயற்குழுப் பெரியவர்கள் கூடவே வந்து எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிடுகிறார்கள். எப்படிச் சொல்வது? (ஈசூன் தொண்டூழியர் மறுபடியும்)

அன்பினால் செய்கிறார்கள், மரியாதையாகவே சொல்லுங்கள். முகாமுக்கு முந்தின நாளே அவர்களுக்கு என்று வேலை ஒதுக்கிவிடுங்கள்: முதலுதவி, சாப்பாடு, வானிலைக் கண்காணிப்பு. இளையர்கள் தவறான பாதையில் திரும்பினாலும் ஆபத்து இல்லை என்றால் 15 நிமிடம் யாரும் சொல்லக்கூடாது என்று பேசிவையுங்கள். முகாம் முடிந்ததும் உண்மையான ஒரு வேலையை அந்தப் பிள்ளைகளிடமே கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலாக இருக்கலாம். ஆள் ஒதுக்குவது, பொருள் வாங்குவது, கணக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. செயற்குழு வாரம் ஒருமுறை மட்டும் விசாரிக்கட்டும்.