அப்பாவின் ஃபியட்: தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

கேள்வி: அப்பா 1969-ல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட் கார், கொட்டகையில் 11 வருடமாக அசையாமல் நிற்கிறது. அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மெக்கானிக் ஒருவர், "எஞ்சினை இறக்கி, முழுசாகப் பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன், ஆறு லட்சம் ஆகும்" என்கிறார். தம்பியோ, "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் அக்கா" என்கிறான். எனக்கு விற்க மனசே வரவில்லை. இவ்வளவு செலவு செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மெக்கானிக்கிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், டார்ச் லைட், ஜாக்கி நாலையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் எஞ்சினில் இல்லை, காரின் தரையில் இருக்கிறது.

இந்த ஃபியட்டுக்குத் தனியாக சேசிஸ் (உடலைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. தரைத் தகடு, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, முன்பக்கக் குறுக்குச் சட்டம் எல்லாம் ஒன்றாக வெல்டிங் ஆகி, அந்தக் கூடுதான் காரைத் தாங்குகிறது. மண்தரைக் கொட்டகையில் ஈரம் கீழிருந்து ஏறும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே அடியில் தகடு அப்பளமாகியிருக்கும். கால்மிதி ரப்பரை முழுசாக உரித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் தரையைத் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். துருப்பிடித்தது மந்தமாகச் சத்தம் தந்து செதில் செதிலாக உதிரும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடம், பேட்டரித் தட்டின் அடி, கதவுகளின் கீழ் விளிம்பு ஆகிய மூன்றையும் விடாதீர்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுக்கு அடியில் ஓட்டுங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் இரும்புக்குப் பதிலாகப் பட்டி (பள்ளத்தை மறைக்கப் பூசும் பசை) இருக்கிறது.

அடுத்தது ஜாக்கி சோதனை. ஒரு பக்கத்தை மட்டும், டயர் தரையை விட்டு எழும்பும் அளவுக்குத் தூக்குங்கள். தூக்கியிருக்கும்போது காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. அப்படியே அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். முன்பு போலவே மூடினால் கூடு உறுதியாக இருக்கிறது. கதவு உரசினாலோ, இடைவெளி ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் குறுகினாலோ வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி மேலே போகாமல் தகட்டுக்குள் இறங்கினால் அதைவிட மோசம்.

அப்படி இருந்தாலும் சரிசெய்ய முடியும். ஆனால் அது டிங்கரிங்கில் பழுத்த கை செய்ய வேண்டிய வேலை. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்துப் பிணைத்துவிட்டு, ஒரு பக்கத்தை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டிய வண்டியில் பிறகு எந்தக் கதவும் நேராக உட்காராது. இதையெல்லாம் பற்றிக் கேட்காமலே பெயின்ட் நிறத்தைப் பற்றிப் பேசுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 1089 சிசி, நாலு சிலிண்டர், எளிமையான அமைப்பு. பின்னால் வந்த பிரீமியர் பத்மினியும் இதே குடும்பம்தான். பத்மினி பல காலம் பம்பாய் டாக்ஸியாக ஓடியதால் பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் போன்றவை இன்றும் தேடினால் அகப்படும். பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையிலும் விசாரியுங்கள். கிடைக்காதவை வேறு: அந்தக் காலத்து கிரில், குரோம் பட்டை, விளக்கு வளையம், கைப்பிடி, கண்ணாடி. கழன்று கிடக்கும் ஒவ்வொரு சின்னத் துண்டையும் பெயர் எழுதித் துணிப்பையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். பட்டறையில் தொலைவது பெரும்பாலும் இவைதான்.

யார் ஆசைப்பட்டாலும் இப்போதே சாவியைத் திருப்ப விடாதீர்கள். 11 வருடத்தில் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டர் வேகத்தில் திருப்பினால் ரிங் உடையும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, சமதரையில் இரண்டு பேர் மெதுவாகத் தள்ளினால் எஞ்சின் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஹெட் காஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்படலாம். பழைய பெட்ரோலை முழுசாக வடித்துவிட வேண்டும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் மாற்றாமல் ஓட்டினால் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான். ஒரு இடத்தில் கசிந்தால் மொத்த பிரேக்கும் போச்சு. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் உள்ளுக்குள் குழி விழுந்திருக்கும். மாஸ்டர் சிலிண்டர், எல்லா வீல் சிலிண்டர், ரப்பர் பிரேக் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றுங்கள். டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டும்.

காகிதத்துக்கு வருவோம். ஆர்சி (பதிவுச் சான்று) இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதல் செலவு அதற்குத்தான். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதத்துக்கு அபராதம் கட்டிச் செய்யலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை. அதாவது உங்கள் தம்பியின் கையெழுத்தும் வேண்டும். அவருக்கும் பங்குள்ள வண்டியில் உங்கள் பணத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு கையெழுத்துக் கேட்கும் நிலைக்குப் போகாதீர்கள். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்சியோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். இடையில் எப்போதாவது டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால் அங்கேயே வண்டி நிற்கும்.

50 வருடம் தாண்டியதால், பழமை மாறாமல் இருந்தால் விண்டேஜ் பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம். 2021-ல் வந்த விதி அது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போக ஆசையென்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி.

இப்போது அந்த ஆறு லட்சம். தரை உறுதியாக இருந்தால் 'புதுசு மாதிரி' வேண்டவே வேண்டாம். பிரேக், டயர், பெட்ரோல் வழி, ஒயரிங் (எலி கடித்திருக்கும், பிரித்துப் பாருங்கள்), கூலிங் இவற்றை மட்டும் செய்து ஓடவிடுங்கள். அப்பா கை வைத்துத் தேய்ந்த ஸ்டீயரிங்கும் அந்தப் பழைய பெயின்ட்டும் அப்படியே இருக்கட்டும். ஒரு தடவை சுரண்டிவிட்டால் அது திரும்ப வராது. புதுப் பெயின்ட்டை எந்த வருடமும் அடித்துக்கொள்ளலாம். தரை போயிருந்து, பணமும் தட்டுப்பாடு என்றால், முழுசாகச் செய்யத் தெரிந்த சேகரிப்பாளரிடம் கொடுங்கள். பழைய இரும்புக்கு மட்டும் போடாதீர்கள் என்று தம்பியிடம் சொல்லுங்கள்: ஓடாத டிலைட்டின் கண்ணாடிக்கும் கிரில்லுக்கும் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

செய்வதாக முடிவானால் மெக்கானிக்கிடம் எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரே மதிப்பீடாக வாங்காதீர்கள். வெல்டிங், பிரேக், எஞ்சின், ஒயரிங், பெயின்ட் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்து, கண்ணால் பார்த்த பிறகு அந்தக் கட்டத்துக்கான பணத்தை மட்டும் கொடுங்கள். பெயின்ட்டுக்கு முன், வெறும் தகடாக இருக்கும் நாளில் ஒரு தடவை நேரில் போய் அந்தக் காந்தத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.