கடிகாரக் கேள்வி பதில்: அந்த மஞ்சள் டயல் அசல்தானா?

கேள்வி: அப்பா 1970களில் துபாயிலிருந்து வாங்கி வந்த மஞ்சள் டயல் சீக்கோ குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம்) வீட்டில் இருக்கிறது. நடுவில் ஒருமுறை ரிப்பேருக்குப் போய் வந்ததாம். இப்போது விற்கலாம் என்று விசாரித்தால் ஒருவர், “டயல் மாத்தியாச்சு சார்” என்கிறார். இன்னொருவர் அசல் என்று சத்தியம் செய்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: இரண்டு பேரையும் விடுங்கள். முதலில் கடிகாரத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். பின்மூடியில் 6139 என்று தொடங்கும் மாடல் எண் இருக்கும்; 6139-6002 அல்லது 6139-6005 ஆக இருக்கலாம். 1969-ல் சீக்கோ வெளியிட்ட ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் குடும்பம் அது. 1973-ல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் கையில் இருந்ததும் இந்த மஞ்சள் டயல்தான். அந்தச் சேதி பரவியதும் விலை ஏறியது. விலை ஏறியதும் புதிதாக டயல் அடிப்பவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அதே மூடியில் சீரியல் எண்ணும் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 35 என்று தொடங்கினால் 1973 மே. இதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், டயலிடம் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் வருகிறது.

இப்போது லூப்பை, அதாவது கடிகாரக்காரர் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை, எடுங்கள். டயலின் அடிவிளிம்பில், 6 மணிக்குக் கீழே, ஜப்பான் என்ற சொல்லும் 6139-ல் தொடங்கும் டயல் எண்ணும் பொடி எழுத்தில் இருக்க வேண்டும். உள்வளையம் மறைத்தால் சாய்த்துப் பாருங்கள். அந்த எண்ணும் பின்மூடி எண்ணும் ஒத்துவரவில்லையே என்று பலர் பதறிப்போய் எழுதுகிறார்கள். ஒத்துவர வேண்டியதில்லை. கேஸுக்கு, அதாவது கடிகாரக் கூட்டுக்கு, ஓர் எண், டயலுக்கு ஓர் எண். பயப்பட வேண்டியது அந்த வரியே இல்லாதபோது, அல்லது எழுத்துகள் பிசிறடித்து, ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் நிற்கும்போது. கையால் மறுபூச்சு செய்கிறவர் மேலே உள்ள பெரிய எழுத்தில் கவனமாக இருப்பார். அடியில் வரும்போது பொறுமை போய்விடும்.

அப்புறம், தண்ணீர் சமாச்சாரம். ஆரம்ப காலத்து டயல்களில் ‘வாட்டர் 70 மீ புரூஃப்’ என்று இருக்கும். 1970களின் தொடக்கத்தில் ‘புரூஃப்’ போய் ‘ரெசிஸ்ட்’ வந்தது. உங்கள் சீரியல் 1975 என்று சொல்லி, பின்மூடியில் ‘ரெசிஸ்ட்’ என்றும் டயலில் ‘புரூஃப்’ என்றும் இருந்தால், டயல் வேறொரு கடிகாரத்திலிருந்து வந்தது. போலி என்று சொல்ல மாட்டேன். சீக்கோ டயல்தான், ஆனால் இந்தக் கடிகாரத்தோடு பிறந்ததல்ல. விலை பேசும்போது இந்த வித்தியாசத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

வெயிலில் மெல்லத் திருப்பியும் பாருங்கள். அசல் மஞ்சளில் நடுவிலிருந்து கதிர்போல் ஒளி ஓடும். புது டயல்களில் பல, எப்படித் திருப்பினாலும் ஒரே மஞ்சள். மறுபூச்சு என்றால் கிழமை, தேதி ஜன்னல் விளிம்பில் பெயின்ட் வழிந்து உறைந்திருக்கும். இருட்டில் ஒளிரும் பூச்சை டயலிலும் முள்ளிலும் ஒப்பிடுங்கள். முள்ளில் பழுப்பேறி, டயலில் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால், எண்பது வயதுத் தாத்தா வாயில் பால் பல் தெரிகிற மாதிரிதான்.

கேள்வி: 1967 ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்று ஒருவர் விற்கிறார். டயல் சுத்தமாக இருக்கிறது, இருட்டில் இரவெல்லாம் மின்னுகிறது. வாங்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மின்னுவதுதான் இடிக்கிறது. அந்த வருஷத்து டயலில், இருட்டில் ஒளிர்வதற்காக டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சைப் பூசினார்கள். அடியில் ‘ஸ்விஸ் மேட்’ என்பதன் இருபுறமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அதாவது அத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். இன்றைக்குப் பதினாறில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது, இரவெல்லாம் எப்படி மின்னும்? இரண்டு ‘டி’யும் இல்லையென்றால் பிற்காலத்தில் சர்வீஸில் மாற்றிய கம்பெனி டயலாக இருக்கலாம். இருக்கிறதென்றால், மேலே யாரோ புதிதாக ஒளிப்பூச்சு பூசியிருக்கிறார்கள். மேலே உள்ள ஒமேகா சின்னத்தையும் பாருங்கள்: 1967-ல் அது உலோகத்தில் ஒட்டியது, அச்சடித்தது அல்ல. அணிந்துகொள்ள ஆசை என்றால் வாங்குங்கள், ஆனால் அசல் டயல் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய டயலில் புள்ளிபுள்ளியாகக் கறை. பஞ்சு நனைத்துத் துடைக்கலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கூடாது. கறையோடு எழுத்தும் பஞ்சில் வந்துவிடும். மூடியைத் திறக்கிற மெக்கானிக்கிடம் ரப்பர் ஊதுபந்தால் தூசியை மட்டும் ஊதச் சொல்லுங்கள். “புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்” என்றால் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.