மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

கேள்வி: புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்களின் படங்களைப் பார்த்து என் படப்பிடிப்பைத் திட்டமிட நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது? அது காப்பியடிப்பது ஆகாதா?

ஆகும். தாராளமாகக் காப்பியடியுங்கள். எதைக் காப்பியடிப்பது என்று தெரியாமல் செய்வதுதான் சிக்கல். அதில் நான் பட்ட அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தொழில் கற்றது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தானின் பெஷாவர் அருகே ஓர் அகதி முகாமில் எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரபிக் இதழின் அட்டையில் வந்தது. சொந்தமாகக் கேமரா வாங்கிய புதிதில் அதே போல ஒன்று எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்குச் சிவப்புத் துணியைப் போர்த்தி, பச்சைச் சாயம் அடித்த சுவருக்கு முன்னால் மொட்டை மாடியில் நிற்க வைத்தேன். நேரம் பகல் பன்னிரண்டு. குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. புருவத்துக்குக் கீழே இரண்டு கருப்புக் குழிகள். படத்தைப் பார்த்த அதன் பாட்டி, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

துணி, சுவர், வெறித்த பார்வை என்று கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். வெளிச்சத்தை விட்டுவிட்டேன். அந்தச் சிறுமி இருந்தது ஒரு கூடாரப் பள்ளி. வெயில் துணியில் மோதி, வடிகட்டப்பட்டு, திறந்திருந்த ஒரு பக்கத்திலிருந்து மென்மையாக உள்ளே வந்திருக்கிறது. இது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. படிக்காமலேயே தெரிந்துகொண்டிருக்கலாம். அந்தக் கண்களில் ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கிறதே, அதைப் பார்த்திருந்தால் போதும். புள்ளியின் வடிவமும் இடமும் வெளிச்சம் எங்கிருந்து, எவ்வளவு அகலமான திறப்பின் வழியாக வந்தது என்று காட்டிக் கொடுத்துவிடும்.

மறுநாள் அதே குழந்தையை அவர்களுடைய ஓட்டு வீட்டின் வாசலுக்கு உள்ளே, நிலைப்படியிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார வைத்தேன். சிவப்புத் துணி வேண்டாம் என்றேன். அதன் பள்ளிக்கூடச் சீருடையே போதுமாக இருந்தது. அந்தப் படம் இன்னும் அந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது. (ஆப்கன் சிறுமியின் பெயர் 2002 வரை உலகத்துக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள். அன்றிலிருந்து நான் யாரை எடுத்தாலும் பெயரைக் குறித்துக்கொள்கிறேன், எடுக்கலாமா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.)

இனி, எப்படிப் படிப்பது. நூறு படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். மேலே பறந்துபோகும் காக்கைக்குத் தெரிவது போல ஒரு வரைபடம் போடுங்கள்: ஆள் எங்கே, கேமரா எங்கே, வெளிச்சம் எங்கே. மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் வெளிச்சத்தின் திசை தெரியும். நிழலின் விளிம்பு கத்தி போல இருந்தால் வெளிச்சம் சின்ன மூலத்திலிருந்து, அதாவது நேர் வெயில் அல்லது வெறும் பிளாஷ். கரைந்து போனால் பெரிய ஜன்னல், மேகம், வெள்ளைச் சுவர். சமவெளியில் எடுத்த படமாக இருந்தால் தொடுவானக் கோடு ஆளின் உடம்பில் எந்த இடத்தை வெட்டுகிறதோ அதுதான் கேமராவின் உயரம். இடுப்பை வெட்டினால் எடுத்தவர் மண்டியிட்டிருக்கிறார். முகத்தில் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தால் மிகவும் நெருங்கி நின்றிருக்கிறார். அதற்கு லென்ஸைத் திட்டுவது வழக்கம், ஆனால் குற்றவாளி தூரம்தான்.

இப்படி இருபது பக்கம் நிரப்பிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. புத்தகத்தில் இருக்கும் சூரியன் என் ஊர்ச் சூரியன் இல்லை. அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பொன் போன்றது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். செங்கோட்டையில் மலை மேற்கே இருக்கிறது. பஞ்சாங்கம் சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். பொன்னை எதிர்பார்த்துப் போனால் நீல நிழல்தான் மிச்சம். எல்லையில் இருக்கும் கோட்டைவாசலைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் இறங்கினால் நேர்மாறு, மலை கிழக்கே. காலை வெயில் பள்ளத்தாக்கில் இறங்க நெடுநேரமாகும். ஆகவே என் கணக்கு எளிது: காலைப் படம் தமிழ்நாட்டுப் பக்கம், மாலைப் படம் கேரளப் பக்கம். இதை எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அவர்கள் படங்களில் நிழலைத் தேடித் தேடிப் பழகியதால்தான் என் ஊரின் நிழல் கண்ணில் பட்டது.

தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களையும் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பூத்தால் கொல்லம், திருவனந்தபுரத்திலிருந்து கார் காராக வருவார்கள். கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க ஜோடிகளும் வருவார்கள். காலையில் கிளம்பி வந்து சேரும்போது பதினொரு மணி ஆகிவிடும், என் மொட்டை மாடி நேரம். சூரியகாந்தி சூரியனோடு திரும்பும் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். மொட்டாக இருக்கும்போதுதான் திரும்பும். நன்றாக மலர்ந்துவிட்டால் பூ கிழக்கு பார்த்தே நின்றுவிடும். காலை ஏழு மணிக்குப் பூவுக்கும் முகத்துக்கும் ஒரே பக்கத்திலிருந்து வெயில் விழும். சாயங்காலம் பூவின் முதுகில் விழுந்து இதழ்கள் விளக்கு போல ஒளிரும், ஆனால் ஜோடியின் முகம் இருட்டு, வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பிவிட வெள்ளை அட்டை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இதைச் சொல்லி, முந்தைய நாளே வந்து தங்குங்கள் என்று கெஞ்சினால், "அவ்வளவு பார்க்க வேண்டுமா அண்ணாச்சி?" என்பார்கள்.

யாரைப் படிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். பட்டியல் தர மாட்டேன், எனக்கு உதவியவர்களைச் சொல்கிறேன். இயற்கைக் காட்சிகளை எடுத்த அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் அங்குள்ள யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுக்க மலையேறியபோது கடைசியில் கையில் மிஞ்சியவை பிலிம் போலப் பயன்படும் இரண்டே கண்ணாடித் தகடுகள், ஒரு தகட்டுக்கு ஒரு படம். முதலில் லென்ஸுக்கு மஞ்சள் வடிகட்டி (பில்டர்) போட்டு ஒன்றை எடுத்தார். மனத்தில் இருந்த கருத்த வானம் அதில் வராது என்று உடனே புரிந்து, வானத்து நீலத்தைத் தடுத்துக் கருப்பாக்கும் சிவப்பு வடிகட்டி போட்டு கடைசித் தகட்டில் எடுத்தார். எடுக்கும் முன்பே படம் முடிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை எனக்குத் தந்த கதை இது. நினைவு அட்டையில் ஆயிரம் படம் கொள்ளும் காலத்தில் இது பழைய கதையாகத் தெரியலாம். ஆயிரத்தையும் உட்கார்ந்து பார்த்துக் கழிக்கும் ஆள் நான் என்பதால் எனக்கு இன்னும் பழையதாகவில்லை.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே பிரெஸ்ஸோனிடம் படித்தது காத்திருப்பது. ரமண மகரிஷி மறைந்த 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தவர் என்பதால் அவரை நம்மூர்க்காரராகவே நினைத்துக்கொள்வேன். 1932இல் பிரான்சில் ஈயேர் என்ற ஊரில் ஒரு சுழல் படிக்கட்டின் மேலிருந்து கீழே போகும் சைக்கிள்காரரை எடுத்திருக்கிறார். படிக்கட்டு எங்கும் போகாது. சைக்கிள்தான் வர வேண்டும். முதலில் அசையாததைச் சட்டமாக வைத்துக்கொள், பிறகு அசைவது வரட்டும். இதைக் கேரளப் பக்கம் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் கீழே செய்து பார்த்தேன். கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதையின் கருங்கல் பாலம் அது, 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. ஒரு வளைவைச் சட்டமாக்கி, அதற்குள் சாலையில் வரும் சிவப்பு மஞ்சள் கேரள பஸ்ஸுக்காக நின்றேன். முதல் பஸ்ஸைக் கொசு அடித்துக்கொண்டிருந்தபோது விட்டேன். மூன்றாவது பஸ் சரியாக வந்தது. பிரெஸ்ஸோனுடைய காண்டாக்ட் ஷீட்டுகள், அதாவது ஒரு சுருளின் எல்லாப் படங்களும் வரிசையாக அச்சான தாள்கள், எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். நல்ல படத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை உதவாத படங்கள் எடுத்தார் என்று பார்ப்பது நம் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

உள்ளூர்க்காரர்களை விட்டுவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் முதலாளி, சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம், ஒரு படத்தைக் காட்டி இவரை முதலில் படி என்றார். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரை ஆண்டுக்கணக்கில் படமெடுத்த புனலூர் ராஜன் எடுத்த படம் அது. ராஜன் 2020இல் காலமானார். அவர் படங்களில் வெளிச்சத்தை வரைபடம் போட்டால் பெரிதாக ஒன்றும் தேறாது. எடுக்கப்படுகிறவர் கேமராவை மறந்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு லென்ஸ் உதவாது, பல முறை போய் வர வேண்டும். அதனால் இப்போது கல்யாண வேலை ஒப்புக்கொண்டால் ஒரு நாள் கேமரா இல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாயா குடித்துவிட்டு வருகிறேன். மாப்பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினால் கூச்சப்படுகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மழைக்கு விக்டர் ஜார்ஜ். மலையாள மனோரமாவின் புகைப்படக்காரர். பருவமழையை விடாமல் எடுத்தவர், 2001 ஜூலை 9 அன்று இடுக்கி மாவட்டத்தில் நிலச்சரிவைப் படமெடுக்கப் போன இடத்திலேயே மண்ணுக்குள் போனார். அவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேலை ஓடாது, ஆகவே அதிகம் எழுதவில்லை. மழை நாளில் மலைப் பாதையில் படப்பிடிப்பு வைத்தால் திரும்பும் வழியையும் நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

மழையின் இன்னொரு முகத்தை சால் லைட்டரிடம் பார்த்தேன். நியூயார்க்கில் தன் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களையே பல பத்தாண்டுகள் எடுத்தவர். நீர் வழியும் கண்ணாடி, அதற்கு அப்பால் கலங்கிய ஒரு சிவப்புக் குடை, படத்தின் முக்கால் பங்கு ஒன்றுமில்லாமல் இருக்கும். அவருக்காக நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் அது கைகொடுத்தது. கொட்டாரக்கரையிலிருந்து ஒரு ஜோடி சூரியகாந்திக்காக வந்தார்கள். என் பேச்சைக் கேட்டு முந்தைய நாளே வந்து தங்கினார்கள். விடிந்தால் சாரல். குற்றாலத்தில் சாரல் என்றால் ஊரே கொண்டாடும், அந்தப் பெண்ணின் முகமோ கறுத்துவிட்டது. புடவை மஞ்சள், பூவுக்குப் பொருத்தமாக வாங்கியது.

நோட்டைப் புரட்டினேன். பஸ் நிலையம் அருகே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பேக்கரி இருக்கிறது. இருவரையும் சாலைக்கு எதிர்ப்புறம் சாத்தியிருந்த ஒரு கடையின் நீலக் கதவுக்கு முன்னால் குடையோடு நிறுத்திவிட்டு நான் பேக்கரிக்குள் போனேன். தூரத்தில் இருப்பதைச் சற்று நெருக்கிக் காட்டும் 85 மில்லிமீட்டர் லென்ஸ். கண்ணாடியில் நீர்த்துளிகள், உள்ளே பாய்லரின் ஆவி, அப்பால் மஞ்சளாக ஒரு கறை, அதன் தோளில் சாய்ந்த இன்னொரு தலை. முகம் சரியாகத் தெரியாத படத்தை வாடிக்கையாளர் ஏற்பாரா என்ற பயம் இருந்தது. பெண்ணின் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, முகம் தெரிகிற மாதிரி இருபது படம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெண் அந்தப் படத்தைத்தான் ஆல்பத்தின் அட்டைக்குத் தேர்ந்தெடுத்தாள்.

என் அக்கா மகன் இப்போது என்னிடம் வேலை பழகுகிறான். அவனுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் அதைப் புரட்டினால் அந்த மழைப் படத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறான். காக்கைப் பார்வை வரைபடம், கண்ணாடிக் கதவு, நீலக் கதவு, எல்லாம் சரி. ஓரத்தில் ஒரு குறிப்பு: "குடையின் மேல்பக்கம் தெரிகிறது. மாமா வேண்டுமென்றே உயரமான இடத்தில் நின்றிருக்கிறார். மஞ்சளும் நீலமும் பிரிந்து தெரிவதற்காக." கண்டுபிடிப்பு சரிதான், பெஞ்சின் மேல்தான் நின்றேன். தெருத் தண்ணீர் பேக்கரிக்குள் ஏறிக்கொண்டிருந்தது, செருப்பு புதிது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.