காலால் வாசிக்கும் பேஸ்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பேஸ் பெடல் சிந்தசைசரைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, கருவிக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்குகிற நிலைப்பொருளைப் புதுப்பிப்பது பற்றியும், தயாரிப்பாளரிடம் புதிய வசதி கேட்பது பற்றியுமே இருந்தன. அந்த இதழைத் தவறவிட்டவர்களுக்காக: தரையில் வைத்து, ஓர்கனில் மிதிப்பதுபோல 13 மிதிகட்டைகளைக் காலால் மிதித்துத் தாழ்ந்த சுரங்களை எழுப்பும் கருவி இது.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மைத்துனர் தான் பாவித்த பெடல் சிந்தசைசரை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதில் 1.2 பதிப்பு இருக்கிறது, இப்போது 1.6 வெளிவந்துள்ளது. சில வேளைகளில் ஒருமுறை மிதித்தால் சுரம் இருமுறை ஒலிக்கிறது. புதுப்பித்தால் சரியாகுமா? மழைக்காலத்தில் இங்கே கரண்ட் அடிக்கடி நின்றுபோவதால் கை வைக்கவும் பயமாக இருக்கிறது. (மல்லாவி வாசகர்)

பதில்: முதலில் எந்த மிதிகட்டை தவறு செய்கிறது என்று பாருங்கள். பதின்மூன்றையும் ஒவ்வொன்றாக, ஒரே அளவு விசையில், இருபது தடவை மிதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றோ இரண்டோ மட்டும் இருமுறை ஒலித்தால் அநேகமாக அவற்றின் தொடுகைகளில் தூசு படிந்திருக்கிறது. நம் ஊர்ச் செம்மண் தூசை எந்தப் பதிப்பும் துடைத்துத் தராது, கழற்றித்தான் துடைக்க வேண்டும். எல்லா மிதிகட்டைகளும் அவ்வப்போது அப்படிச் செய்தால் காரணம் வேறு. உலோகத் தொடுகைகள் இரண்டு ஒன்றுசேரும்போது உடனே ஒட்டிக்கொள்வதில்லை, சில மில்லிசெக்கன் நேரம் துள்ளிவிட்டே ஓய்கின்றன. அந்தத் துள்ளல் அடங்கும்வரை நிலைப்பொருள் பொறுத்திருந்து அதை ஒரே மிதிப்பாகக் கணக்கெடுக்க வேண்டும். பொறுக்கும் நேரம் குறைவாக வைக்கப்பட்டிருந்தால் ஒரு மிதிப்பு இரண்டாகிவிடும். இதைப் புதுப்பிப்பால் திருத்த முடியும். எனவே 1.3 முதல் 1.6 வரையான மாற்றக் குறிப்புகளை வாசித்து, உங்கள் குறை அவற்றில் சொல்லப்பட்டிருந்தால் மட்டும் புதுப்பியுங்கள். ஒழுங்காக வேலை செய்கிற கருவியைப் புதிய இலக்கம் வந்துவிட்டது என்பதற்காகத் தொடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கரண்ட் பற்றிய பயம் நியாயமானது. எனக்கே அது நடந்திருக்கிறது. கணினியிலிருந்து பெடலுக்குக் கோப்பு போவது மிடி வயர் வழியாக (மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறிக்கொள்ளும் நியமம்). அந்த வயரில் செக்கனுக்கு 31,250 பிற் மட்டுமே போகும். ஒரு பைற்றுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிற் தேவைப்படுவதால் செக்கனுக்கு 3,125 பைற்தான் கணக்கு. அதிலும் மிடியின் தரவு பைற் ஒவ்வொன்றும் 7 பிற் மட்டுமே சுமக்கும் என்பதால், 7 பைற் கோப்பை 8 ஆகப் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. இப்படிப் பார்த்தால் 256 கிலோபைற் கோப்பொன்று போய்ச்சேர ஏறத்தாழ 96 செக்கன் ஆகும். கருவி அதை நினைவகத்தில் எழுதிக்கொள்ளும் இடைவெளிகள் வேறு. மார்கழி மழையில் ஒருநாள் அந்த இடைவெளியில்தான் கரண்ட் நின்றது. பற்றரி இருந்த மடிக்கணினி எதையும் அறியாமல் 70, 80 வீதம் என்று காட்டிக்கொண்டே போனது. பெடலோ அதற்கு முன்பே அணைந்துவிட்டிருந்தது. கரண்ட் வந்த பிறகு அதன் திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. தொடக்க நிரல் நினைவகத்தின் வேறொரு பகுதியில் பூட்டி வைக்கப்பட்டிருந்ததால் பிழைத்தேன்: இரு ஓரத்து மிதிகட்டைகளையும் இரண்டு கால்களாலும் அழுத்தியபடி, குனிந்து சுவிச்சைப் போட்டதும் அது மறுபடி கோப்பைக் கேட்டது. உங்கள் கருவியில் அந்த மீட்புமுறை எது என்பதைக் கைநூலில் தேடிக் கண்டுபிடித்த பிறகே தொடங்குங்கள். கணினியைவிடப் பெடலையே யூபிஎஸ்ஸில் இணைப்பது முக்கியம். கணினி தானாக உறக்கநிலைக்குப் போகாதபடி மாற்றிவிடுங்கள். மிகவும் மலிவான யூஎஸ்பி மிடி வயர்களுள் பல, சுரங்களை ஒழுங்காகக் கடத்தினாலும் இத்தகைய நீண்ட செய்திகளின் நடுவில் சில பைற்றுகளை விழுங்கிவிடும். பெடலில் நேரடி யூஎஸ்பி வாயில் இருந்தால் அதையே பாவியுங்கள்.

கேள்வி: புதுப்பித்த பிறகு நான் சேமித்து வைத்த ஒலிகள் எல்லாம் அழிந்துவிட்டன. மீட்கலாமா? (வவுனியா வாசகர்)

பதில்: கணினியில் பிரதி எடுத்து வைக்கவில்லையென்றால் முடியாது. அடுத்த முறை ஒலிகளைக் கணினிக்கு அனுப்பிச் சேமித்துக்கொண்டு, முக்கியமான நான்கைந்து ஒலிகளுக்குக் குமிழ்களின் நிலையைப் போனில் படமும் எடுத்து வையுங்கள். பழைய பதிப்பில் சேமித்த கோப்பு புதியதில் திறக்காமல் போவதுண்டு என்பதால் பழைய நிலைப்பொருள் கோப்பையும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். ஒரு மிதிகட்டையிலிருந்து காலை எடுக்கும் முன் அடுத்ததை மிதித்தால் புதிய சுரம் சில வேளை வருகிறது, சில வேளை வருவதில்லை. ஒரே நேரத்தில் பல சுரம் ஒலிக்கும் வசதி வேண்டுமென்று தயாரிப்பாளருக்கு எழுதினேன். பதிலே இல்லை. (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கவனியுங்கள். எஃப் மிதிகட்டையில் கால் இருக்கும்போதே கீழேயுள்ள சி ஐ மிதித்தால் அது உடனே ஒலிக்கும். மேலேயுள்ள சி ஐ மிதித்தால் எஃப் தான் தொடரும், அதிலிருந்து காலை எடுத்த பிறகே சி வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் கருவியில் கோளாறு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும் கருவியில் இரண்டை மிதித்தால் எதை ஒலிப்பது என்று ஏதாவது ஒரு விதி வேண்டும். உங்களுடையது தாழ்ந்த சுரத்துக்கே முதலிடம் கொடுக்கிறது. புகழ்பெற்ற மினிமோக் சிந்தசைசரும் இப்படித்தான் நடந்துகொண்டது. மெதுவான பாடல்களில் குதியையும் விரலையும் மாற்றி மாற்றி இடைவெளியில்லாமல் வாசிக்கும் உங்களுக்குத் தேவை, கடைசியாக மிதித்த சுரத்துக்கு முதலிடம் கொடுக்கும் விதி.

நீங்கள் கேட்டதும் உங்களுக்குத் தேவையானதும் தயாரிப்பாளரின் மேசையில் முற்றிலும் வேறான இரு வேலைகள். மின்சுற்றே நேரடியாக ஒலியை உண்டாக்கும் அனலொக் கருவியில் இரண்டாவது சுரத்துக்கு இரண்டாவது ஒலிச்சுற்று வேண்டும்; கோப்பை அனுப்பிச் சுற்றைப் பற்றவைக்க முடியாது. முதலிட விதியை மாற்றுவதோ நிரலில் சில வரிகள். ஆகவே மறுபடி இப்படி எழுதிப் பாருங்கள்: “பதிப்பு 1.4. எஃப் ஐ மிதித்தபடியே மேல் சி ஐ மிதிக்கிறேன். எஃப் ஐ விடும்வரை சி ஒலிப்பதில்லை. கடைசியாக மிதித்த சுரம் ஒலிக்கும் தெரிவு ஒன்றை அமைப்புப் பட்டியலில் சேர்க்க முடியுமா? இப்போதுள்ள முறை இயல்புநிலையாகவே இருக்கட்டும்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். பழைய விதிக்குக் காலைப் பழக்கிக்கொண்டவர்கள் வேறு நாடுகளில் இருப்பார்கள். அவர்களுடைய வாசிப்பைக் குழப்பும் மாற்றத்தை எந்தத் தயாரிப்பாளரும் எளிதில் செய்யமாட்டார். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை போதும். பத்தைச் சேர்த்து எழுதினால் கடினமான ஒன்பதோடு எளிதான ஒன்றும் கிடப்பில் போய்விடும். பதில் வரும்வரை, மேலே போகும் இடங்களில் மட்டும் முதற்காலைச் சற்று முன்னதாக எடுத்துப் பழகுங்கள். தேவாலயத்தின் எதிரொலி அந்த இடைவெளியை மூடிவிடும்.

கேள்வி: 1970களின் மோக் டோரஸ் பெடலுக்கு இப்போது நிலைப்பொருள் கிடைக்குமா? (கிளிநொச்சி மாணவர்)

பதில்: கிடைக்காது, அதில் நிலைப்பொருளே இல்லை. அது முழுக்க அனலொக் சுற்று. மிடி நியமம் வந்ததே 1983 இல்தான்.

கேள்வி: எங்கள் பசனைக் குழு 1 கட்டைச் சுருதியில் பாடுகிறது. பெடலில் சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து நிற்கும் சுருதி வசதி தருமாறு தயாரிப்பாளரிடம் கேட்கலாமா? (வற்றாப்பளை வாசகர்)

பதில்: கேட்க வேண்டியதில்லை, அது உங்களிடமே இருக்கிறது. உங்கள் கருவியில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒலியலையை உண்டாக்கும் இரண்டு அலையாக்கிகள் உள்ளன என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதை ஏழு அரைச்சுரம் மேலே வையுங்கள். சி மிதிகட்டையை ஒருமுறை மிதித்து, பிடித்துவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் ச, ப இரண்டும் நீங்கள் நிறுத்தும்வரை நிற்கும். உன்னிப்பாகக் கேட்டால் ஏறத்தாழ நாலரைச் செக்கனுக்கு ஒருமுறை ஒலி மெல்ல அலைவது தெரியும். கீபோட்டின் பஞ்சமம் 700 சென்ற் (ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ற்). தம்புராவில் காது தேடும் 3:2 பஞ்சமம் 702 சென்ற். ஒவ்வொரு சுரத்தோடும் அதன் 2, 3 மடங்கு அதிர்வெண்களில் மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். 65.4 ஹேர்ட்ஸ் சட்ஜத்தின் மூன்று மடங்கு மேற்சுரமும் பஞ்சமத்தின் இரண்டு மடங்கு மேற்சுரமும் அந்த இரண்டு சென்ற்றால் 0.22 ஹேர்ட்ஸ் விலகி நிற்பதாலேயே இந்த அலைவு. நுண்சுருதிக் குமிழில் இரண்டாவது அலையாக்கியை மிகச் சிறிதளவு ஏற்றி, அலைவு நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். அனலொக் கருவி என்றால் சுவிச்சைப் போட்டுச் சூடேறிய பிறகு இதைச் செய்யுங்கள். குளிர்ந்த நிலையில் செய்தால் பாதிப் பசனையில் விலகிவிடும்.

கேள்வி: கடைசி ஒக்டேவின் சி ஒலிப்பதே இல்லை. புதிய பதிப்பில் பேஸ் கூடுமா? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: ஒரு நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், அதில் கேட்டால் பெடல் தன் வேலையைச் செய்கிறது. அந்த சி 32.7 ஹேர்ட்ஸ், பேஸ் கிற்றாரின் ஆகத் தாழ்ந்த ஈ யே 41.2 தான். விழாக்களில் வாடகைக்கு வரும் 12 அங்குல ஒலிபெருக்கிப் பெட்டிகளுள் பல 50 க்குக் கீழே தளர்ந்துவிடும். உயர்ந்த ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டியின் குமிழைக் கொஞ்சம் திறந்து 65, 98 ஹேர்ட்ஸ் மேற்சுரங்களை வெளியே விடுங்கள். அவை கேட்டால் காது அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அதன் பிறகும் குறைவாகத் தோன்றினால் அந்தப் பாடலை ஓர் ஒக்டேவ் மேலே வைத்து வாசியுங்கள்.