பேஸ்பாலில் என்றுமே முறியடிக்கப்படாத சாதனை எது?

ஜோ டிமாஜியோ 1941-இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸை எட்டுவது) அடித்தாரே, அதுதான் அசைக்க முடியாத சாதனையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். என் ஓட்டு சை யங் என்ற பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு. அதுவும் எல்லோரும் சொல்லும் 511 வெற்றிகளுக்கு அல்ல, அவர் முழுமையாக வீசி முடித்த 749 ஆட்டங்களுக்கு.

1890 முதல் 1911 வரை ஆடிய சை யங், பிட்சராகத் தொடங்கிய ஆட்டங்கள் 815. அவற்றில் 749-ஐக் கடைசிப் பந்து வரை தானே வீசினார். இன்று நூறு பந்துகளை நெருங்கினாலே பிட்சரை மாற்ற மேனேஜர் எழுந்து வந்துவிடுகிறார். முழங்கைத் தசைநார் கிழிந்தால் ஓராண்டுக்கு மேல் வீணாகும் என்ற பயம் ஒரு பக்கம். ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும் பேட்டர் அவரது பந்தைப் பழகிவிடுவார் என்ற கணக்கு மறுபக்கம். 2022-இல் பிட்சர் சாண்டி அல்காந்தரா 6 ஆட்டங்களை முழுமையாக வீசியதே பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. சிறந்த பிட்சருக்குச் சை யங் பெயரில் தரும் விருதும் அவருக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு முழங்கையில் அறுவை சிகிச்சை. 2024 முழுவதும் அவர் ஆடவில்லை. ஆண்டுக்கு 6 என்றால், 749-ஐ எட்ட ஏறக்குறைய 125 ஆண்டுகள்!

கிரிக்கெட்டில் வில்ஃபிரட் ரோட்ஸ் எடுத்த 4,204 முதல்தர விக்கெட்டுகளும் இதே ரகம்தான். அத்தனை ஆட்டங்களில் பந்து வீசும் வேலையே இப்போது இல்லை.

டிமாஜியோவின் சாதனை அப்படியல்ல. ஆட்டத்துக்கு ஒரு ஹிட் அடித்தால் போதும்; அதற்கு எந்த மேனேஜரும் குறுக்கே நிற்க மாட்டார். 1941 ஜூலை 17 இரவு கிளீவ்லாந்தில் அது எப்படி முடிந்தது என்று பாருங்கள். மூன்றாம் பேஸைக் காத்து நின்ற எதிரணி வீரர் கென் கெல்ட்னர், கோட்டை ஒட்டிப் பாய்ந்த இரண்டு பந்துகளைக் கையுறையைக் குறுக்கே நீட்டி மறித்து எடுத்து, முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினார். அவற்றில் ஒன்று சில அங்குலம் தள்ளிப் போயிருந்தால் கதை தொடர்ந்திருக்கும். அடுத்த நாளே மறுபடி தொடங்கி, இன்னொரு 16 ஆட்டங்களில் அவர் ஹிட் அடித்தார். அதன் பிறகு மிக அருகில் வந்தவர் பீட் ரோஸ்: 1978-இல் 44 ஆட்டங்கள். கடினம்தான், ஆனால் கதவு திறந்தே இருக்கிறது. ஒரே பருவத்தில் 257 ஹிட் என்ற ஜார்ஜ் சிஸ்லரின் 1920-ஆம் ஆண்டுச் சாதனையும் 84 ஆண்டுகள் நின்றது; 2004-இல் இச்சிரோ 262 அடித்துத் தாண்டிவிட்டார்.

பிட்சர் ஜானி வாண்டர் மீர் 1938-இல் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. அதை முறியடிக்க மூன்று ஆட்டம் வேண்டும். சமன் செய்யலாம், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

முறியுமா முறியாதா என்று எனக்குச் சற்றுச் சந்தேகம் இருப்பது ரிக்கி ஹெண்டர்சன் திருடிய, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்த, 1,406 பேஸ்களில் மட்டுமே. 2023-இல் பேஸ்களின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். ஓடத் தயாராக நிற்பவரைப் பிடிக்கப் பிட்சர் எறியும் முயற்சிகளுக்கும் வரம்பு வைத்தார்கள். அந்த ஆண்டே ரொனால்ட் அகுன்யா 73 பேஸ் திருடினார். விதி மாறினால் செத்த கலையும் உயிர்பெறும் போலிருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 70 வீதம் 20 ஆண்டுகள் ஓடினாலும் 1,400தான் வரும். அந்த வயதில் யார் ஓடுவார் என்கிறீர்களா? ரிக்கி ஓடினார்: 1998-இல், 39 வயதில், 66 பேஸ் திருடி, இரு பெரும் லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதலிடம்.