எடை குறைந்தால் வேகமும் குறையுமா?

கேள்வி: அம்பத்தூரில் வசிக்கிறேன். ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் நான்கு நாள் மின்சார ரயிலில் பாரிமுனைக்குப் போய்வர வேண்டும். இப்போதுள்ள லேப்டாப் இரண்டரைக் கிலோ; தோள்வலி தாங்க முடியவில்லை. ஒன்றேகால் கிலோவில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரரோ, ‘மெல்லிய லேப்டாப் எல்லாம் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பவை, வேகம் இருக்காது, கேமிங் லேப்டாப்பே எடுங்கள்’ என்கிறார். டாலி, எக்செல், ஜிஎஸ்டி தளம், வாட்ஸ்அப், அவ்வப்போது வீடியோ கூட்டம், இவ்வளவுதான் என் வேலை. மகன் சில சமயம் கல்லூரிக்காக வீடியோ எடிட் செய்வான். எதை வாங்கலாம்?

பதில்: மெல்லியதையே வாங்குங்கள். உங்கள் வேலைக்குக் கேமிங் லேப்டாப் தேவையே இல்லை. அதன் எடையும் உங்கள் பழைய லேப்டாப்பின் எடைக்குப் பக்கத்தில்தான் வரும்; சார்ஜரே தனிச் சுமை.

கடைக்காரர் சொன்னது ஒரு காலத்தில் நியாயமான எச்சரிக்கைதான். 2008 வாக்கில் இன்டெல்லின் ஆட்டம் என்ற புராசஸரோடு (புராசஸர் என்பது கணினியின் மூளையான சில்லு) ‘நெட்புக்’ என்ற குட்டிக் கணினிகள் வந்தன. ஓர் இணையப் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். அதைப் பயன்படுத்திய யாருக்கும் ‘மெல்லியது என்றால் மந்தம்’ என்று மனத்தில் பதிந்திருக்கும். இன்றைய நிலை வேறு.

ஓர் உதாரணம் பாருங்கள். இன்டெல் கோர் ஐ5-1235யு என்ற புராசஸரின் அடிப்படை மின் அளவு 15 வாட். அதில் பத்து கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிகள், இருக்கின்றன. தேவைப்படும் நேரத்தில் சிறிது நேரம் 55 வாட் வரைக்கும் எகிறிவிட்டுத் திரும்பத் தணிந்துகொள்ளும். நீங்கள் டாலியில் ஒரு வவுச்சரைப் பதியும்போது என்ன நடக்கிறது? ஓர் எழுத்தைத் தட்டுகிறீர்கள், புராசஸர் கண்ணிமைக்கும் நேரத்தில் அதை முடித்துவிட்டு, உங்கள் விரல் அடுத்த எழுத்துக்கு வரும்வரை சும்மா இருக்கிறது. எக்செல் கோப்பு திறக்கும்போது ஓரிரு நொடி மூச்சைப் பிடித்து ஓடுகிறது, மறுபடி ஓய்வு. இப்படி விட்டுவிட்டு வரும் வேலைக்கு 15 வாட் புராசஸர் தாராளம். 45 வாட் புராசஸர் பக்கத்திலேயே இருந்தாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. மணிக்கணக்கில் இடைவிடாமல் ஓட வேண்டிய வேலைகளில்தான், அதாவது விளையாட்டு, நீண்ட வீடியோக்கள், முப்பரிமாண வரைபடங்கள் போன்றவற்றில்தான், மெல்லியது பின்தங்கும்.

ஆனால் ‘குறைந்த மின்சாரம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. பெயரின் கடைசியில் ‘யு’ என்று வரும் கோர் வரிசை ஒன்று. ‘என்’ எழுத்தில் தொடங்கும், பெரும்பாலும் 6 வாட் அளவுள்ள வரிசை மற்றொன்று. 2023இல் வந்த என்100 நான்கு கோர்கள் கொண்டது. பள்ளிப் பிள்ளைக்கும், மின்னஞ்சல் பார்க்கும் பெரியவர்களுக்கும் போதும். வருமானமே கணக்கில் இருக்கும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டே கோர்கள் உள்ள செலரான் என்4020 போன்ற பழைய சரக்கைச் சலுகை விலையில் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது, திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமைப் பற்றியும், கோப்புகள் நிலையாகத் தங்கும் சேமிப்பகத்தைப் பற்றியும். ‘லேப்டாப் மந்தமாகிவிட்டது’ என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புராசஸரில் குறையே இருப்பதில்லை. இன்று வேலை உச்சத்தில் இருக்கும்போது, எல்லாச் சாளரங்களும் திறந்திருக்கையில், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேலே நான்கைந்து சதவீதங்கள் தெரியும். சிபியு (புராசஸர்) 20, 30 என்று இருக்க, மெமரி (ரேம்) 90ஐத் தாண்டி, டிஸ்க் (சேமிப்பகம்) 100இலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் சங்கதி விளங்கிவிடும். ரேமில் இடம் போதாமல் கணினி ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறது. எத்தனை வாட் புராசஸர் இருந்தாலும் அங்கே காத்துத்தான் கிடக்க வேண்டும்.

விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. அது நிறுவுவதற்கான அளவு, உழைப்பதற்கு உதவாது. உங்களுக்கு 16 ஜிபி வேண்டும். மெல்லிய லேப்டாப்களில் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட வழியில்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று காட்டினால் பற்றவைத்தது என்று அர்த்தம். சேமிப்பகம், சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியாக, அதிலும் வேகமான என்விஎம்இ வகையாக இருக்கட்டும். மலிவான லேப்டாப்களில் இஎம்எம்சி என்ற சில்லு வரும். அதன் உச்சவரம்பே நொடிக்கு 400 எம்பி, என்விஎம்இ அதைப் போலப் பல மடங்கு. சேமிப்பகம் 64 அல்லது 128 ஜிபி என்று எழுதியிருந்தால் அது இஎம்எம்சியாக இருக்கலாம், கட்டாயம் விசாரியுங்கள்; என்விஎம்இ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது நம் ஊர் வெயில். மேக்புக் 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் இயங்குவதற்கானது என்று ஆப்பிளே குறிப்பிடுகிறது. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மாடி அறை அதைத் தாண்டிவிடும். உடம்பு மெலிந்த கணினிக்கு வெப்பத்தை வெளியேற்றும் இடமும் குறைவு. சூடு ஏறினால் புராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் மெத்தைமேல் வைத்து வேலை பார்த்துவிட்டு லேப்டாப் கெட்டுவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. அடிப்பக்கக் காற்றுத் துளைகளைப் போர்வை அடைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மர மேசையில் வையுங்கள். விசிறி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ரயிலிலோ வாடிக்கையாளர் கடையிலோ பேட்டரியில் ஓடும்போது திடீரென்று மந்தமாகத் தெரிந்தால், செட்டிங்ஸில் பவர் மோட் சிக்கன நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மகனுக்குப் பழைய லேப்டாப்பையே கொடுங்கள். வீட்டு மேசையில் இருக்கும் பொருளுக்கு எடை ஒரு பொருட்டல்ல. அதில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி மாற்றி, ரேம் கூட்ட இடமிருந்தால் கூட்டிக் கொடுங்கள். கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நீங்கள் நிற்கும்போதே செய்து தருவார்கள். ஒரு நிபந்தனை: 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 ஏற்கும். அதற்கும் பழையது என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

கடைசியாக, கணக்கு எழுதும் உங்களுக்கென்றே ஒன்று. ஸ்னாப்டிராகன் புராசஸர் போட்ட மெல்லிய லேப்டாப்கள் இப்போது கடைகளில் இருக்கின்றன. பேட்டரி நன்றாகத் தாங்கும், வேகத்திலும் குறையில்லை. ஆனால் அவை ஏஆர்எம் வகை, அதாவது இன்டெல் புராசஸர்களிலிருந்து வேறுபட்ட கட்டமைப்பு. வழக்கமான மென்பொருள்கள் பலவற்றை அவை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். பிரிண்டர் போன்ற கருவிகளைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர் மென்பொருள்களை அப்படி ஓட்ட முடியாது, ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் (கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி கருவிகள்) உங்கள் பிரிண்டரும் அங்கே முரண்டு பிடிக்கலாம். அதனால் எந்த லேப்டாப்பாக இருந்தாலும், பணம் கட்டுமுன் ஒரு டோக்கனைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகி, அதன் மென்பொருளை நிறுவச் சொல்லி, சான்றிதழ் திரையில் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.